திருத்தாத நோட்டுக்கு எதற்குக் கட்டணம்?

மே மாதம் பிறந்துவிட்டால் எங்கள் ஊரில் வெயிலுக்கு அடுத்தபடியாக முகத்தில் அறைவது டியூஷன் சென்டர்களின் பிளெக்ஸ் போர்டுதான். காலையில் முத்தியால்பேட்டை மணிக்கூண்டிலிருந்து அஜந்தா சிக்னல் வரை நடந்து, கடற்கரைக்குப் போய்த் திரும்புவது என் வழக்கம். அந்தத் தூரத்துக்குள் போன வாரம் எண்ணிப் பார்த்தேன். 11 போர்டுகள். எல்லாவற்றிலும் சிரிக்கும் பிள்ளைகள், பெரிய பெரிய மதிப்பெண்கள், கைகட்டி நிற்கும் ஒரு நிர்வாக இயக்குநர். ஒரே பெண் குழந்தையின் முகம் இரண்டு வெவ்வேறு சென்டர்களின் போர்டில் இருந்தது. அந்தக் குழந்தை இரண்டு இடத்திலும் படித்ததா, ஓரிடத்தில் படித்து இன்னோரிடத்தில் பரீட்சை மட்டும் எழுதியதா, எனக்குத் தெரியாது. போர்டு வைத்தவர்களுக்காவது தெரிந்தால் சரி.

இதைப் பற்றி எழுத வேண்டும் என்று பல நாளாக நினைத்திருந்தேன். எழுத வைத்தது எங்கள் தெருமுனையில் வண்டி போட்டு இஸ்திரி போடும் அம்மா.

போன மாதம் துணியைக் கொண்டு வந்து வைத்துவிட்டு, போகாமல் நின்றார்.

"ஐயா, நீங்க ஆபீஸ்ல இருந்தவங்க. இந்தப் ஃபாரத்த கொஞ்சம் படிச்சு சொல்றீங்களா? கையெழுத்து போட்டுட்டேன். என்னா எழுதியிருக்குன்னுதான் தெரியல."

கையெழுத்துப் போட்ட பிறகுதான் படிக்கக் கொடுக்கிறார். நம் ஊரில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். 37 வருஷம் கவுண்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்து இதைப் பார்த்திருக்கிறேன்.

வாங்கிப் பார்த்தேன். பையன் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குப் போகிறான். வருஷத்துக்கு 24,000 ரூபாய் கட்டணம். முன்பணம் 6,000 கட்டியாகிவிட்டது. கடைசிப் பக்கத்தின் அடியில், கண்ணாடி போட்டும் எனக்குச் சிரமமாக இருந்த எழுத்தில் ஒரு வரி. செலுத்திய கட்டணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது.

நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். காதில் தோடு இல்லை. ஓட்டை தூர்ந்து போகாமலிருக்க வேப்பங்குச்சி செருகியிருந்தார். 6,000 எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை.

"ஏம்மா இந்த இடத்துல சேத்த?"

"மணிக்கூண்டாண்ட பெருசா போர்டு வச்சிருக்காங்கல்ல ஐயா. அவ்ளோ புள்ளைங்க மார்க்கு வாங்கியிருக்கு. நம்ம புள்ளையும் வாங்காதா?"

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானும் அதே தப்பைச் செய்தவன். அதை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டு மேலே பேசுகிறேன்.

1995-ஆம் வருஷம். என் மகன் பத்தாம் வகுப்பு. எங்கள் அலுவலகத்தில் பத்தாவது படிக்கும் பிள்ளை உள்ள அத்தனை பேரும் ஒரே மாஸ்டரிடம் அனுப்பினார்கள். அவர் பெயரைச் சொன்னாலே பாஸ் என்றார்கள். நானும் அனுப்பினேன். மொட்டை மாடியில் கீற்றுக் கொட்டகை. ஒரு வேளைக்கு 60 பிள்ளைகள். கணக்கும் அறிவியலும். மாதம் 5-ஆம் தேதிக்குள் பணம் போய்விட வேண்டும். தவறாமல் கட்டினேன். பணம் கட்டியதோடு தகப்பன் கடமை முடிந்தது என்று இருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எதையோ தேடும்போது அவனுடைய டியூஷன் நோட்டு கையில் கிடைத்தது. புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் பெரிய 'சரி' குறி. சந்தோஷமாகத்தான் இருந்தது. ஓம் விதிக்கு விடை எழுதியிருந்த பக்கத்தில் கண் நின்றது. நாலு வரி மின்னோட்டம், மின்னழுத்தம். அதற்கு நடுவே இரண்டு வரி சினிமாப் பாட்டு. பிறகு மறுபடி மின்தடை. அத்தனையின் மேலும் மாஸ்டரின் சிவப்புக் குறி மேலிருந்து கீழாகக் கம்பீரமாக ஓடியிருந்தது.

பையனைக் கூப்பிட்டு முதுகில் இரண்டு வைத்தேன். படிக்கிற நோட்டில் சினிமாப் பாட்டா என்று கத்தினேன். அவன் வாயைத் திறக்கவில்லை. அடுத்த மாதம் 5-ஆம் தேதி அதே மாஸ்டருக்குப் பணமும் அனுப்பினேன்.

அவனுக்கு இப்போது 45 வயது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஏதோ பேச்சு வந்தபோது சொன்னான்: "யாராச்சும் படிக்கிறாங்களான்னு பாக்கத்தான்பா எழுதுனேன்."

யாராவது படிக்கிறார்களா. பதினைந்து வயதுப் பையன் சென்டரைச் சோதித்துப் பார்த்திருக்கிறான். அவனுக்குத் தெரிந்த சோதனை எனக்குத் தெரியவில்லை. சோதனையில் தோற்றவர் மாஸ்டர். அடி வாங்கியவன் பையன். அறிவியலில் அவன் 41 மார்க் வாங்கினான். பிறகு பாலிடெக்னிக் படித்து நன்றாகத்தான் இருக்கிறான். ஆனாலும் அந்த இரண்டு அடி என் கையில் இன்னும் இருக்கிறது.

ஆகையால் நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். டியூஷன் சென்டரைத் தேர்ந்தெடுக்கப் போகிறவர்கள் போர்டைப் பார்க்காதீர்கள். அங்கே ஏற்கெனவே படிக்கும் ஒரு பிள்ளையின் நோட்டைப் பாருங்கள். தப்பு எங்கே என்று காட்டியிருக்கிறார்களா, பிள்ளை அதைத் திருத்தி மறுபடி எழுதியிருக்கிறதா, மறுபடி எழுதியதை யாராவது பார்த்தார்களா. இந்த மூன்றும் இருந்தால் சேருங்கள். இல்லாவிட்டால், குளிர்சாதன வசதி இருந்தாலும் சரி, நிர்வாக இயக்குநர் கோட்டு போட்டிருந்தாலும் சரி, திரும்பி வந்துவிடுங்கள்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்தக் காலத்துப் பள்ளிக்கூடம் சொர்க்கம் என்று சொல்லப் போவதில்லை. பிரம்படி உண்டு, அவமானம் உண்டு. ஆனால் திக்தே என்று ஒன்று இருந்தது. வாத்தியார் வாசிப்பார், நாங்கள் கேட்டு எழுத வேண்டும். 20 மார்க்குக்குத் திருத்துவார். ஒவ்வொரு தப்புக்கும் அடிக்கோடு விழும், மார்க் குறையும். பூஜ்யம் வாங்கியவர்கள் ஏராளம், நானும் உண்டு. பூஜ்யம் வாங்கினாலும் எந்த எழுத்தில் தவறினோம் என்று தெரிந்துவிடும். எதிர்ப்பக்கத்தில் திருத்தி எழுதாமல் வீட்டுக்குப் போக முடியாது. வேலை அதிகமான நாட்களில் வாத்தியார் நோட்டின் அடியில் 'வ்யு' என்று மட்டும் எழுதித் தருவார். 'பார்த்தேன்' என்று பொருள். பார்த்தேன், திருத்தவில்லை. அந்த வித்தியாசம் பத்து வயதுப் பிள்ளைகளான எங்களுக்கே தெரியும். "இன்னிக்கு வ்யுதான், தப்பிச்சோம்" என்போம்.

பிறகு அலுவலகத்தில் சேர்ந்தபோதும் அதேதான். படித்துப் பார்த்துக் குறிப்பு எழுதுகிற அதிகாரி ஒருவகை. கோப்பின் ஓரத்தில் சுருக்கொப்பம் மட்டும் போட்டுத் தள்ளிவிடுகிறவர் இன்னொரு வகை. இரண்டாவது வகை மேசையில்தான் தப்பெல்லாம் தாண்டிப் போகும். இன்றைய டியூஷன் சென்டர்களில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது வகை மேசைகள். 'வ்யு' போடுவதற்கு வருஷம் 24,000 ரூபாய்.

இனி அந்த போர்டு விஷயத்துக்கு வருகிறேன். நாம் சின்ன வகுப்பில் பின்னம் படித்திருக்கிறோம். மேலே தொகுதி, கீழே பகுதி. பகுதி இல்லாவிட்டால் பின்னத்துக்கு மதிப்பே கிடையாது. போர்டில் இருப்பதெல்லாம் தொகுதிதான். 90 விழுக்காட்டுக்கு மேல் 12 பேர் என்று போட்டிருக்கிறார்கள். எத்தனை பேரில் 12? 15 பேரில் 12 என்றால் விழுந்து கும்பிடலாம். 600 பேரில் 12 என்றால் அந்த 12 பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் வாங்கியிருப்பார்கள். மீதி 588 பேர் என்ன ஆனார்கள்? அவர்களுக்குப் போர்டில் இடமில்லை. கட்டணம் கட்டியவர்கள் மட்டும் அவர்களே.

இதிலே சில சென்டர்கள் ஏற்கெனவே நன்றாகப் படிக்கும் பிள்ளைகளைத் தேடிப்பிடித்துக் கட்டணமில்லாமல் சேர்த்துக்கொள்கின்றன. அடுத்த வருஷ போர்டுக்கு முகம் வேண்டுமே. அந்தச் செலவையும் சேர்த்துக் கட்டுகிறவர்கள், காதில் வேப்பங்குச்சி செருகியவர்கள்.

சட்டதிட்டமே இல்லையா என்று கேட்பீர்கள். எழுத்தில் இருக்கிறது. மத்திய கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் பயிற்சி மையங்களுக்கு வழிகாட்டு நெறிமுறைகள் வெளியிட்டது. 50 பேருக்கு மேல் சொல்லித்தரும் இடமெல்லாம் அதில் அடங்கும். அதில் உள்ள சிலவற்றை எழுதுகிறேன், குறித்துக்கொள்ளுங்கள். 16 வயதுக்குக் குறைந்தவர்களை, அதாவது பத்தாம் வகுப்புத் தேர்வு முடிக்காதவர்களைச் சேர்க்கக் கூடாது. சொல்லிக்கொடுப்பவர் குறைந்தது பட்டதாரியாக இருக்க வேண்டும். இத்தனை மார்க் உறுதி, இந்த ரேங்க் உறுதி என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. ஒரு பிள்ளைக்குக் குறைந்தது ஒரு சதுர மீட்டர் இடம் வேண்டும். பள்ளிக்கூட நேரத்தில் வகுப்பு கூடாது. ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது. வாரத்தில் ஒரு நாள் விடுமுறை வேண்டும். கட்டணத்துக்கு ரசீது தர வேண்டும். முழுப் பணமும் கட்டிய பிள்ளை பாதியில் நின்றால் மீதிக் காலத்துக்கான பணத்தை 10 நாளைக்குள் திருப்பித் தர வேண்டும்.

அதே வருஷம் நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விளம்பரங்களுக்குத் தனியாக நெறிமுறை போட்டது. பிள்ளையின் படத்தையும் பெயரையும் போட எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். அந்தச் சம்மதத்தையும் வெற்றி பெற்ற பிறகுதான் வாங்க வேண்டும், சேரும்போதே வாங்கிவைக்கக் கூடாது. அந்தப் பிள்ளை எந்தப் பாடத்தை எத்தனை நாள் படித்தது, பணம் கட்டிப் படித்ததா என்றும் சொல்ல வேண்டும்.

படிக்கும்போது எனக்கே ஆச்சரியம். மணிக்கூண்டுப் போர்டையும் அந்த அம்மாவின் படிவத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எத்தனை மீறல்! ஆனால் நானும் அரசாங்கத்தில் இருந்தவன். மத்திய அமைச்சகத்தின் நெறிமுறை என்பது மாநிலங்களும் யூனியன் பிரதேசங்களும் கையில் எடுத்து நடைமுறைப்படுத்தினால்தான் உயிர் பெறும். கோப்பில் தூங்குகிற நல்ல உத்தரவுகளை நான் என் கையாலேயே அடுக்கிக் கட்டி வைத்திருக்கிறேன். ஆகவே சட்டம் வந்து காப்பாற்றும் என்று காத்திருக்காதீர்கள். அந்த உத்தரவு கேட்கும் கேள்விகளை நீங்களே போய்க் கேளுங்கள்.

நான் போய்க் கேட்டேன். மறுநாள் அந்த அம்மாவையும் கூட்டிக்கொண்டு சென்டருக்குப் போனேன். உள்ளே குளிர் தாங்கவில்லை. மேலாளர் என்று ஓர் இளைஞர் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார், அதில் குறை இல்லை.

"தம்பி, உங்ககிட்ட படிக்கிற ஏதாவது ஒரு பிள்ளையோட நோட்ட காட்டுங்க. பேர மறைச்சே காட்டுங்க. திருத்தியிருக்கறத மட்டும் பாக்கணும்."

"நோட்டா சார்? எங்ககிட்ட ஆப் இருக்கு. தினமும் டெஸ்ட். மார்க் உடனே பேரன்ட்ஸ் போனுக்கு வந்துடும்."

"நாலுல ஒண்ண தொடற பரீட்சையா?"

"ஆமா சார்."

"தப்பா தொட்டா ஏன் தப்புன்னு யார் சொல்லுவாங்க?"

"சரியான விடை பச்சையில வரும் சார்."

"சரி, எழுதிப் பாக்கறது?"

அப்போது அவர் பெருமையாக ஒன்று சொன்னார். "அதெல்லாம் தேவையே இல்ல சார். நோட்ஸ் பூரா நாங்களே பிரின்ட் பண்ணிக் குடுத்துடுவோம். பிள்ளைங்க எழுதவே வேணாம்."

எழுதவே வேண்டாமாம். பரீட்சை அன்றைக்கு இவர்கள் போய் எழுதுவார்களா?

எங்கள் ஊர் நிலைமையையும் இங்கே சொல்ல வேண்டும். புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டம், மாஹேவுக்குக் கேரளம், ஏனாமுக்கு ஆந்திரம் என்று இருந்தது. 2023-24 கல்வியாண்டில் அரசுப் பள்ளிகள் மத்திய வாரியமான சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறின. அது நல்லதா கெட்டதா என்பது வேறு பேச்சு. நடுவழியில் வண்டி மாறிய பிள்ளைகளின் தாய் தகப்பனுக்குப் பயம் வந்துவிட்டது. நமக்குச் சொல்லித்தரத் தெரியாது, யாராவது காப்பாற்றுங்கள் என்ற பயம். அந்தப் பயத்தைத்தான் விற்கிறார்கள்.

ஆனால் அந்த வாரியத்தின் பத்தாம் வகுப்பு வினாத்தாளில் இப்போது ஏறத்தாழ பாதி, படித்ததைப் புது இடத்தில் பொருத்திப் பார்க்கும் கேள்விகள். அச்சடித்த நோட்ஸை உருப்போட்டு அதற்கு விடை எழுத முடியாது. அந்த அச்சடித்த நோட்ஸும் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. பாடப்புத்தகங்கள் முழுவதும் என்.சி.இ.ஆர்.டி. இணையதளத்தில் இலவசம். மாதிரி வினாத்தாளையும் அதற்கு எப்படி மார்க் போடுவார்கள் என்ற விவரத்தையும் வாரியமே ஒவ்வொரு வருஷமும் இணையத்தில் போடுகிறது. காசு கொடுத்து வாங்க வேண்டியது காகிதத்தை அல்ல. பிள்ளை எழுதியதை உட்கார்ந்து படிக்கிற ஒரு பெரியவரின் நேரத்தை.

அந்த நேரத்துக்கும் கணக்கு இருக்கிறது. ஒரு நோட்டை ஒழுங்காகத் திருத்த 5 நிமிஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 பிள்ளைகள் என்றால் 300 நிமிஷம், 5 மணி நேரம். வகுப்பும் எடுத்து அதற்கு மேல் 5 மணி நேரம் எந்த மாஸ்டரும் திருத்த மாட்டார். அவர் கெட்டவர் என்பதால் அல்ல, கணக்கு ஒத்துவராது என்பதால். ஆகவே முதல் கேள்வி, ஒரு வகுப்பில் எத்தனை பேர். 15, 20-க்கு மேல் என்றால் திருத்த ஆள் தனியாக இருக்கிறதா என்று கேளுங்கள்.

இன்னும் சில கேள்விகள். போர்டில் படம் இருக்கிறவர்தான் வகுப்பு எடுப்பாரா, கல்லூரியில் படிக்கும் பையனை அனுப்புவார்களா? ஒரு வாரம் உட்கார வைத்துப் பார்த்துவிட்டுப் பிறகு பணம் கட்டலாமா? வருஷப் பணத்தை மொத்தமாகக் கேட்கிறார்களா, மாதாமாதம் கட்டலாமா? மொத்தமாகக் கேட்டாலே சந்தேகப்படுங்கள். இரண்டாவது மாதம் நீங்கள் போய்விடுவீர்கள் என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது. பெண் பிள்ளைக்குக் கழிப்பறை இருக்கிறதா? இரவு எத்தனை மணிக்கு விடுவார்கள்? மாடியென்றால் இறங்க எத்தனை படிக்கட்டு?

படிக்கட்டைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 2019 மே 24-ஆம் தேதி சூரத்தில் ஒரு வணிக வளாகத்தின் மேல்மாடி வகுப்பில் தீப்பிடித்து 22 பிள்ளைகள் இறந்தார்கள். 2024 ஜூலையில் தில்லியில் ஒரு பயிற்சி மையத்தின் தரைக்குக் கீழே இருந்த அறையில் மழைத்தண்ணீர் புகுந்து 3 பேர். 2004-இல் கும்பகோணத்தில் 94 குழந்தைகள் பள்ளியிலேயே கருகியதை நம் வயதுக்காரர் யாரும் மறக்கவில்லை. அந்தக் கொட்டகை மாடிக்கு என் மகனை அனுப்பியபோது நான் ஒரு நாளும் மாடியேறிப் பார்த்ததில்லை.

இன்னொன்று. பள்ளிக்கூட வாத்தியாரே சாயங்காலம் தன் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். கட்டாயக் கல்விச் சட்டம் 2009, பிரிவு 28, ஆசிரியர் தனியாக டியூஷன் எடுக்கக் கூடாது என்கிறது. சட்டம் இருக்கட்டும். பகலில் அரைகுறையாகச் சொன்னால்தான் சாயங்காலம் வியாபாரம் என்ற நிலைமைக்கு எந்த மனுஷனையும் கொண்டுபோய் வைக்கக் கூடாது.

"டியூஷனே எதற்கு? நாமெல்லாம் டியூஷனா போனோம்?" என்று நம் நண்பர்கள் சிலர் கேட்பார்கள். பென்ஷன் வாங்குகிற வீட்டில் உட்கார்ந்து அதைச் சொல்வது சுலபம். நம் பேரப்பிள்ளைகளுக்குச் சந்தேகம் வந்தால் கேட்க வீட்டில் ஆள் இருக்கிறது. இஸ்திரி வண்டிக்காரம்மா இரவு எட்டு மணிவரை கரியோடு நிற்கிறார். அவர் பிள்ளை யாரைக் கேட்பான்? அவனுக்கு உதவி வேண்டும். வேண்டாதவர்களுக்கு விற்றால் காசு நஷ்டம், அவ்வளவுதான். வேண்டியவனுக்குப் போலியை விற்றால் அவனுடைய ஒரு வருஷம் போகிறது. அந்த ஒரு வருஷம் திரும்பி வராது. என் கோபமெல்லாம் அதற்குத்தான்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். வகுப்பு இன்னும் ஆரம்பிக்கவில்லை. முடியாது என்றார்கள். வீட்டுக்கு வந்து பழைய பழக்கத்தில் ஒரு மனு எழுதினேன். தேதி, ரசீது எண், தொகை, 2024 நெறிமுறை, கடைசியில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யப்படும் என்று ஒரு வரி. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கினேன். நாலாம் நாள் 4,500 ரூபாய் வந்தது. மீதி 1,500 பைக்கும் பனியனுக்கும் பிடித்துக்கொண்டார்களாம். பையன் அந்தப் பையைத்தான் இப்போது மாட்டிக்கொண்டு போகிறான், அதிலே சென்டரின் பெயர் பெரிதாக இருக்கிறது. 1,500 ரூபாய் கட்டி அவர்களுக்கு விளம்பரமும் செய்கிறோம்.

இப்போது எங்கள் பக்கத்துத் தெருவில் ஓர் அம்மாவிடம் போகிறான். பட்டமும் பி.எட்.டும் படித்தவர். வீட்டுத் திண்ணையில் 14 பிள்ளைகள். போர்டு கிடையாது. மின்விசிறி சத்தம் போடும். ஆங்கிலம் அவருக்கு அவ்வளவு வராது, அதை மறைக்காமல் சொல்லிவிட்டார், கணக்கும் அறிவியலும் மட்டும் என்றார். மாதம் 700 ரூபாய். நான் நோட்டைக் கேட்டபோது யோசிக்கவே இல்லை. அங்கே உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் நோட்டை வாங்கி நீட்டினார். ஒரு கணக்கில் விடை சரியாக இருந்தது. ஆனாலும் அலகு எழுதாததை வட்டம் போட்டுக் காட்டியிருந்தார். அடுத்த பக்கத்தில் அந்தப் பெண் முழுக் கணக்கையும் மறுபடி எழுதி அலகைச் சேர்த்திருந்தாள். அதற்குக் கீழே தேதியோடு கையெழுத்து. 60 வருஷத்துக்குப் பிறகு திருத்திய நோட்டு ஒன்றைக் கையில் பிடித்தேன்.

பையன் எத்தனை மார்க் வாங்குவான் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். சொன்னால் எனக்கும் போர்டுக்காரர்களுக்கும் என்ன வித்தியாசம்? தோடு இன்னும் அடகில்தான் இருக்கிறது. 4,500-ஐ அதில் கட்டிவிட்டதாக அந்த அம்மா சொன்னார்.

இதைப் படிக்கும் நம்மில் பலர், பேரன் பேத்தியின் டியூஷன் பணத்தைப் பென்ஷனிலிருந்து கொடுப்பவர்கள். கொடுக்கிற நமக்குக் கேட்கிற உரிமை உண்டு. இன்றைக்குச் சாயங்காலம் பிள்ளை டியூஷனிலிருந்து வந்ததும் சாப்பிட வைத்து, பிறகு நோட்டை எடுத்து வரச் சொல்லுங்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் பாருங்கள். நடுவில் எங்காவது சினிமாப் பாட்டு இருந்தால், தயவுசெய்து பிள்ளையை அடிக்காதீர்கள்.